பிளம்ஸ் என்று சொல்லி இலந்தையை அனுப்பி 18,500 ரூபாய் சுருட்டிவிட்டார்கள்: திருகோணமலை ஆட்கள் கவனம்

மூன்று பிளம்ஸ் ஒட்டுக் கன்றுக்கு நான் கட்டிய காசு 18,500 ரூபாய். இன்று காலை ஒரு கொப்பை முறித்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். விவசாயப் போதனாசிரியர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "இது இலந்தை, பிள்ளை" என்றார். நம்முடைய பற்றைக்குள் தானாக முளைக்கிற அதே இலந்தை!

விற்றது முகநூலில் பழக்கன்று விற்கும் ஒரு பக்கம். சாம்பல்தீவு வெக்கைக்கு பிளம்ஸ் வருமா என்று முதலிலேயே கேட்டேன். "இது சூட்டுக்கென்றே செய்த இனம் அக்கா, நிலாவெளியில ஒரு அண்ணைக்குக் குடுத்தது காய்ச்சிட்டுது" என்று குரல் பதிவு வந்தது. கூடவே மணல் தரையில் சிவப்புச் சிவப்பாய்க் காய்த்த மரத்தின் படம். என் மண் எப்படி, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று விற்றவர் விசாரித்தார். குழியை இரண்டடி வெட்டி மாட்டெரு போட்டு ஆறவிடச் சொன்னார். காசைப் பற்றி அவராக வாயே திறக்கவில்லை. இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஆளை யார்தான் சந்தேகிப்பார்கள்? அன்றே வங்கியில் போட்டேன்.

கூரியரில் வந்தவை இலையில்லாத குச்சிகள். "குளிர்நாட்டு மரம், இலை உதிர்ந்துதான் வரும்" என்றார். துளிர்த்தபோது கணுவுக்குக் கணு முள். படம் அனுப்பினேன். முதலில் தண்ணீர் கூடிவிட்டதாம். பிறகு கச்சான் காற்றில் இலை மாறிவிட்டதாம். அப்புறம் "மனேஜர் பேசுவார்". கடைசியில் என்னை முகநூலில் தடுத்தே விட்டார்கள். 18,500 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

போதனாசிரியர் விளக்கினார். பிளம்ஸ் பூக்க வேண்டுமென்றால் 7 பாகை செல்சியசுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணித்தியாலம் குளிர் வேண்டும். குறைந்த குளிர் போதும் என்கிற இனங்களுக்குக்கூட நம்முடைய ஊர்க் குளிர் காணாது. மார்கழி மழையிலும் இங்கே இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் நட்டுப் பார்க்கலாம், கடற்கரையில் நடக்காது. நல்ல கன்றே வந்திருந்தாலும் எனக்குப் பழம் கிடைத்திருக்காது. அது தெரிந்துகொண்டேதான் விற்றிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இலையில்லாத கன்றை வாங்காதீர்கள். இலை இருந்தால் திருப்பிப் பாருங்கள்: அடியிலிருந்து மூன்று நரம்பு பிரிந்து, பின்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு பிடித்தாற்போல் இருந்தால் இலந்தை. பற்றுச்சீட்டு தராதவருக்குக் காசு போடாதீர்கள். ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லுங்கள். நான் குரல் பதிவுகளையும் வங்கிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்குப் பொலிசுக்குப் போகிறேன். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் அதே மரத்தின் படத்தைப் போட்டிருக்கிறார்கள்.