ரோமானிய 'மினர்வா' வெண்கலச் சிலை வாங்கப் போகிறீர்களா? என் 640 பவுண்டு போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழம்பொருட்களை ஏலம் விடும் ஓர் ஆன்லைன் தளத்தில், இங்கே லண்டனில் இருந்தபடி, 640 பவுண்டு கொடுத்து ரோமானியர்களின் ஞான தெய்வமான மினர்வாவின் சிலை ஒன்றை வாங்கினேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டு, ரோமானிய வெண்கலம், உயரம் 9 செ.மீ. என்று போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தது பித்தளை பொம்மை.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொண்டை வைத்த தலைக்கவசம், மார்பில் மெடூசா (பாம்புக் கூந்தல் அரக்கி) முகம், ஈட்டி செருகத் துளையோடு உயர்த்திய வலது கை, எல்லாம் இருந்தன. ரோமானியர்கள் வீட்டில், நம் பூஜை அலமாரி மாதிரியான லராரியத்தில் இப்படிச் சின்னச் சிலைகளை வைத்துக் கும்பிட்டார்கள். நிறையவே கிடைத்திருக்கின்றன. அதனால் விலையும் சந்தேகம் தரவில்லை.

நம்ப வைத்தது விற்றவரின் போன் பேச்சு. நிதானமான, வயதான குரல். 1960களில் சேர்த்த குடும்பத் தொகுப்பு என்றார். (கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முந்தையது என்று காட்டத்தான் இந்தப் பேச்சு. ரசீது கேட்டால் அப்பா காலத்தில் தொலைந்துவிட்டதாம்.) அப்புறம், "தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள், ஈரத் துணிகூடப் படக்கூடாது, அந்தப் பச்சைக் களிம்புதான் அதன் வயசு" என்றார். நிஜமான பழம்பொருளுக்கும் இதைத்தான் சொல்வார்கள். விற்றுவிட்டுப் போகிற ஆள் இவ்வளவு அக்கறையாகவா பேசுவார் என்று தோன்றியது. பணத்தை அன்றைக்கே பேங்க் வழியாக அனுப்பினேன்.

அந்த அக்கறையின் காரணம், வியர்த்த கையோடு சிலையை எடுத்தபோது தெரிந்தது. விரலெல்லாம் பச்சை. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துப் பாதத்தடியில் ஒற்றினேன். உலோகத்திலேயே ஊறிய களிம்பு அதற்கெல்லாம் அசையாது. இதில் பெயிண்ட் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது, கீழே பளபள மஞ்சள். அக்குளிலிருந்து பீடம் வரை, இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்த கோடு வேறு. உலோகச் சோதனைக் கூடத்தில் பார்த்ததில் துத்தநாகம் (செம்போடு இது சேர்ந்தால்தான் பித்தளை) கிட்டத்தட்ட 38 சதவீதம். ரோமானியர்களுக்கும் பித்தளை தெரியும்தான். ஆனால் அவர்கள் செய்த முறையில் துத்தநாகம் 28 சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

இன்னும் கேளுங்கள். அதே தளத்தில், வேறு பெயரில், இதே மினர்வா. கவசக் கொண்டையில் அதே இடத்தில் அதே அரிப்புக் குழி! தனித்தனியாக மண்ணில் கிடந்த இரண்டு சிலைகள் ஒரே குழியோடு எப்படி வரும்?

விற்றவருக்கு எழுதினேன். "பழைய பொருள் என்றால் இப்படித்தான்" என்று ஒற்றை வரி. பிறகு, சுத்தம் செய்து நானே கெடுத்துவிட்டேனாம்! தளத்தைக் கேட்டால், "நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம், விற்பவரிடம் பேசுங்கள்." சோதனை அறிக்கையை அனுப்பினேன். திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். சிலையோடு வந்த 'அசல்தான்' என்ற சான்றிதழ் இருக்கிறதே என்றேன். அதில் கையெழுத்துப் போட்ட நிபுணரே விற்றவர்தானாம், அதற்கும் தளம் பொறுப்பில்லையாம். 640 பவுண்டு. என் ஒரு மாத மளிகை, கரண்ட், பஸ் பாஸ் எல்லாம் சேர்ந்த பணம்.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: 'பழைய தொகுப்பு' என்றால் அந்தக் காலத்துப் பில்லோ போட்டோவோ கேளுங்கள். விற்பவரே கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். அதே படம் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பேங்க் வழியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். பிரிட்டனில் விற்பவருக்கே நேராக கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை உள்ள பொருளுக்குக் கார்டு கம்பெனியும் பொறுப்பு (1974 நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு). துடைக்காதே என்று யாராவது சொன்னால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வெளியாள் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன், தளத்துக்கு இன்னொரு மெயில் போட வேண்டும்.