காம்ப்மானா, ரெயூனியனா?

குளிர்காலப் பள்ளி விடுமுறையில் அக்கா வீடும் எங்கள் வீடும் சேர்ந்து ஒரு வாரம் எங்கே போவது? வழக்கம்போல இங்கே மொரீஷியஸிலேயே லெ மோர்ன் கடற்கரைப் பக்கம் ஒரு காம்ப்மான் (வாடகைக் கடற்கரை வீடு) எடுப்பதா, முக்கால் மணி நேரம் பறந்து பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியன் போவதா? "கடல்தானே, எங்க போனா என்ன?" என்றாள் அக்கா. நான்தான் பிடிவாதமாக ரெயூனியனுக்கு இழுத்துப் போனேன்.

கடலுக்கு மொரீஷியஸ்தான், அதில் பேச்சே இல்லை. ரெயூனியனில் லெர்மிதாஜ் கடற்கரை போல பவளத்திட்டு அரணாக நிற்கும் சில இடங்களில்தான் பயமில்லாமல் இறங்கலாம். மற்ற கரைகளில் சுறா பயம். செலவும் யூரோவில். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய மச்சானுக்கு அங்கே வலப்பக்கம் ஓட்ட அரை நாள் திணறல்.

ஆனால் மலை! நம் உச்சி 828 மீட்டர். அங்கே பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070. கீழே கரும்பு, மேலே எரிமலை, நடுவே வாயைப் பிளந்த பள்ளத்தாக்குகள்.

அதைப் பார்க்க முடிவதும் முடியாததும் எங்கே தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் முதல் மூன்று இரவும் கடற்கரையில் அறை போட்டோம். சாவகாசமாகத் தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டு மாஃபாத் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் மாய்தோ விளிம்புக்கு ஏறும்போது பதினொரு மணி. எதிரே வெள்ளைச் சுவர். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் மேலேறி மேகமாகிவிடும். பத்து மணிக்குள் பார்த்தால் உண்டு. மறுநாள் எரிமலைக்குப் போகும் வழியில் மேட்டிலுள்ள பூர்க் முரா ஊருக்கு அறையை மாற்றினோம். இரவு எல்லோருக்கும் ஸ்வெட்டர். ஆனால் விடிந்ததும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை துடைத்து வைத்தது போல நின்றது. சிலாவோஸ் என்ற மலை ஊரிலும் அப்படித்தான்: நானூறு வளைவுச் சாலையில் ஒரே நாளில் போய்த் திரும்பினால் வாந்திதான் மிச்சம், ஒரு இரவாவது தங்குங்கள். அந்த ஊர்ப் பருப்பை விட்டுவிடாதீர்கள்.

மொரீஷியஸில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே வீட்டிலிருந்து எதற்கும் போய் வரலாம். கைக்குழந்தையோ முட்டிவலிக்கார அம்மாவோ கூட இருந்தால் காம்ப்மானே சரி. ரெயூனியனில் மாஃபாத்துக்குள் கார் போகாது, நடக்க வேண்டும். மறுபடி மாய்தோ ஏறி மேலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி, நடையைப் பற்றி நான் சொல்லக் கூடாது. மழைக்காலத்திலும் போனதில்லை.

அப்புறம், ரெயூனியனில் நம் தமிழர்களை 'மலபார்' என்றுதான் சொல்வார்கள். அக்காவுக்கு அதுதான் கடைசி வரை கோபம்.