இண்டஸ் ஆப்ஸ்டோர்: கமிஷன் இல்லை, சரி, சைனிங் கீ யாரிடம்?

போன்பே நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு செயலிக் கடையான இண்டஸ் ஆப்ஸ்டோர் 2024 பிப்ரவரி 21 அன்று டெல்லியில் தொடங்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, மார்ச் 1 அன்று, சேவைக் கட்டணத் தகராறில் பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து இயங்கும் மேட்ரிமோனி டாட் காமின் பாரத்மேட்ரிமோனியும் அதில் சிக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகு செயலிகள் திரும்பி வந்தன. ஒரே கடையை நம்பிப் பிழைப்பு நடத்தினால் என்ன ஆகும் என்பது அந்த வாரத்தில் எல்லா டெவலப்பர்களுக்கும் தெரிந்துபோனது. இண்டஸின் விதிமுறைகளுக்குக் கிடைத்த வரவேற்பில் பாதிக்கு மேல் அந்தப் பயம்தான் காரணம்.

விதிமுறைகள் உண்மையிலேயே நல்லவை. முதல் ஆண்டு, அதாவது 2025 ஏப்ரல் 1 வரை, செயலியைப் பட்டியலிடக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். செயலிக்குள் பணம் வாங்க எந்த பேமெண்ட் கேட்வேயை (பணத்தை வசூலித்துத் தரும் இடைச்சேவை) வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கமிஷன் கிடையாது. பட்டியலை ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் போடலாம். கூகுள் கணக்கு இல்லாமல், செல்போன் எண்ணை வைத்தே பயனர் உள்ளே வரலாம். முதல் ஆண்டுச் சலுகைதான் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் டெவலப்பருக்கு நிலைத்த லாபம் கேட்வே சுதந்திரத்தில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். மாதம் 499 ரூபாய் சந்தா வாங்கும் செயலி என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் இருந்த விகிதப்படி ப்ளே ஸ்டோரின் சொந்தக் கட்டண முறையான ப்ளே பில்லிங்கில் சந்தாவுக்கு 15 சதவீதம், அதாவது 74.85 ரூபாய் போகும். ப்ளே அனுமதிக்கும் மாற்று பில்லிங்கைத் தேர்ந்தெடுத்தால் 4 சதவீதம் குறையும். 11 சதவீதத்துக்கு 54.89 ரூபாய், அதற்கு மேல் கேட்வேக்காரருக்கு 2 சதவீதம் என்றால் 9.98, ஆக 64.87 ரூபாய். பத்து ரூபாய் மிச்சப்படுத்த இரண்டு பில்லிங்கைப் பராமரிப்பது வீண் வேலை. இண்டஸ் வழியே வந்த பயனரிடம் போவது அந்த 9.98 மட்டும்தான். (கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டியை எதிலும் சேர்க்கவில்லை.)

ஆனால் அந்த 65 ரூபாய் சும்மா வந்துவிடாது. ப்ளே பில்லிங் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் உங்கள் தலையில் விழும். யுபிஐ ஆட்டோபே மாண்டேட், அதாவது சந்தாப் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளப் பயனரின் முன் அனுமதி, வாங்க வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்புப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்வே அதை ஒழுங்காக அனுப்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் தோற்றால் மறுபடி எப்போது முயல்வது, அதுவரை சேவையை நிறுத்துவதா தொடர்வதா, ரீஃபண்ட், ஜிஎஸ்டி ரசீது எல்லாமே உங்கள் பொறுப்பு. சந்தாவே இல்லாத, விளம்பரத்தில் மட்டும் ஓடும் செயலிக்கு இந்தக் கமிஷன் பேச்சால் எந்தப் பயனும் இல்லை.

பெரும்பாலான டெவலப்பர்கள் தடுக்கி விழுவது சைனிங் கீயில்தான்; செயலி உங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையொப்பம் போடும் ரகசியக் கீ அது. 2021 ஆகஸ்ட் முதல் ப்ளேயில் புதிய செயலியை ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) வடிவில்தான் ஏற்ற முடியும்; இறுதிக் கையொப்பத்தை கூகுளே போடுகிறது. உங்களிடம் இருப்பது ப்ளேயில் ஏற்றுவதற்கான அப்லோடு கீ மட்டும். அதே ஏஏபியை இண்டஸில் ஏற்றினால், அங்கே வெளிவருவது வேறு கீயால் கையொப்பமிட்ட செயலி. பேக்கேஜ் பெயர் (போன் செயலியை அடையாளம் காணும் பெயர்) ஒன்று, கையொப்பம் வேறு என்றால் ஆண்ட்ராய்டு அப்டேட்டை மறுத்துவிடும். பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட முடியும், போனில் சேமித்த தரவும் அதோடு போய்விடும்.

தொல்லை அதோடு நிற்காது. கூகுள் சைன்-இன், கீயின் அடையாளக் குறியீடான எஸ்எச்ஏ-1 கைரேகையைப் பார்க்கிறது. புதிய கீயின் கைரேகையைக் கூகுள் கிளவுட் கன்சோலில் சேர்க்காவிட்டால் லாகின் 'டெவலப்பர் எரர்' என்று எண் 10-ஐக் காட்டி நிற்கும். மேப்ஸ் ஏபிஐ கீயை (கூகுள் வரைபடத்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதிக் குறியீடு) கைரேகையோடு பூட்டியிருந்தால் வரைபடம் வெறும் சாம்பல் கட்டமாகத் தெரியும். தளத்தின் இணைப்புகளைச் செயலியோடு பிணைக்க உங்கள் தளத்தில் உள்ள அசெட்லிங்க்ஸ் கோப்பில் புதிய கீயின் எஸ்எச்ஏ-256 கைரேகை இல்லாவிட்டால், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டால் செயலிக்குப் பதில் பிரவுசர் திறக்கும்.

ஏற்கெனவே ப்ளேயில் இருக்கும் செயலி என்றால், ப்ளே கன்சோலில் 'ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர்' போய், டவுன்லோட்ஸ் பகுதியில் கையொப்பமிட்ட யுனிவர்சல் ஏபிகேயை (எல்லா போனிலும் நிறுவக்கூடிய ஒரே கோப்பு) இறக்கி, அதையே இண்டஸில் ஏற்றுங்கள். அளவு பெரிதாக இருக்கும், பரவாயில்லை. புதிதாகத் தொடங்கும் செயலிக்கு இன்னும் நல்ல வழி உண்டு: கீயை நீங்களே உருவாக்கி, முதல் வெளியீட்டுக்கு முன் ப்ளேக்கும் அதையே கொடுத்துவிடுங்கள். இரண்டு கடைக்கும் ஒரே கையொப்பம் கிடைக்கும். கீ கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே கையொப்பம் வைத்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இண்டஸிலிருந்து இறக்கிய செயலியை, ப்ளேயில் உள்ளதன் வெர்ஷன் கோடு (பதிப்பு எண்) கூடுதலாக இருந்தால், ப்ளே ஸ்டோரே அப்டேட் செய்துவிடக்கூடும். கேட்வே உள்ள செயலி ஒரே இரவில் ப்ளே பில்லிங் உள்ள செயலியாக மாறிவிடும். ஆண்ட்ராய்டு 14-இல் அப்டேட் உரிமையை ஒரு கடை கேட்டுப் பெறலாம், பிறகு வேறு கடை அப்டேட் செய்யப் பயனரின் சம்மதம் வேண்டும்; அதற்கு முந்தைய போன்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே யார் சந்தாதாரர் என்பதைச் செயலிக்குள் வைக்காதீர்கள். அது உங்கள் சர்வரில், பயனர் கணக்கோடு இருக்கட்டும். எந்தக் கடையின் பதிப்பு போனில் இருந்தாலும் பணம் கட்டியவருக்குக் கதவு திறக்க வேண்டும்.

செயலி அசல்தானா என்று சோதிக்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு கடையிலிருந்து வந்த செயலிக்கு லைசன்ஸ் பகுதி 'அன்லைசன்ஸ்டு' என்று வரும். அதைப் பார்த்து லாகினைத் தடுக்கும் நிரல் எழுதியிருந்தால், இண்டஸ் பயனர் ஒருவரும் உள்ளே வர முடியாது. ப்ளேயின் இன்-ஆப் அப்டேட், இன்-ஆப் ரிவ்யூ இரண்டும் இங்கே வேலை செய்யாது. அந்த அழைப்புகள் தோற்றாலும் செயலி மூடிவிடாதபடி எழுதுங்கள். கூகுளின் எஃப்சிஎம் சேவை வழியே அனுப்பும் நோட்டிஃபிகேஷனுக்குக் கவலை இல்லை. அது ப்ளே சர்வீசஸை நம்பியிருக்கிறது, கடையை அல்ல.

பயனர் பக்கம் பார்த்தால், இன்னொரு ஆப் ஸ்டோரைத் தன் கடையில் வைக்க ப்ளே அனுமதிப்பதில்லை. அதனால் போனோடு இண்டஸ் வராதவர்கள் அதன் தளத்திலிருந்து ஏபிகேயை இறக்க வேண்டும். பிரவுசருக்கு ஒரு முறை, பிறகு இண்டஸுக்கு ஒரு முறை என 'தெரியாத செயலிகளை நிறுவும்' அனுமதியை இரண்டு தடவை கொடுக்க வேண்டும். இந்த இரண்டு திரையிலேயே பலர் திரும்பிப் போய்விடுவார்கள். ஷாவ்மி தன் போன்களில் வைத்திருந்த சொந்தச் செயலிக் கடையான கெட்ஆப்ஸுக்குப் பதில் இண்டஸை வைத்தது அதனால்தான் முக்கியம்: போனோடு வரும் கடைக்கு இந்த அனுமதித் திரைகள் இல்லை.

தமிழ்ப் பட்டியல் இந்தக் கடையின் மிகச் சிறந்த அம்சம். அதை அரைகுறையாகச் செய்யாதீர்கள். ஆங்கில விளக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒட்டினால் படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 'தமிழ் நாட்காட்டி' என்ற தலைப்பில் கண்ணுக்குத் தெரிவது எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும். யூனிகோடில் அது 16 குறியீடுகள். எழுத்து வரம்புள்ள பெட்டிகள் பெரும்பாலும் குறியீட்டைத்தான் எண்ணும், ஆகவே தலைப்பைச் சுருக்கமாக யோசியுங்கள். நாட்காட்டி, காலண்டர், கேலண்டர் என்று ஆளுக்கொரு விதமாகத் தேடுவார்கள். மூன்றும் விளக்கத்தில் இயல்பாக வரட்டும். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எழுத்தும் தமிழில் இருக்க வேண்டும்.

ப்ளேயை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். சந்தா வாங்கும், தமிழில் பேசும் செயலி உங்களுடையது என்றால் இரண்டாவது கடையாக உடனே சேருங்கள். சேரும் நாளில் திரையில் இருக்கும் ஒப்பந்தத்தில் பட்டியல் கட்டணப் பகுதியை முழுவதும் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். 2024 அறிவிப்பு முதல் ஆண்டுக்கு மட்டும்தான்.

கூகுளின் பிடி இதோடு விடுவதும் இல்லை. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில், எந்தக் கடையிலிருந்து வந்தாலும், அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் செயலியைத்தான் நிறுவ முடியும் என்ற விதியை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்கப்போவதாக அந்த அறிவிப்பு சொன்னது. ப்ளேயில் இல்லாமல் இண்டஸில் மட்டும் வெளியிட நினைப்பவர்கள் தங்கள் பேக்கேஜ் பெயரையும் சைனிங் கீயையும் கூகுளிடம் பதிவு செய்யும் வேலையை இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.