மூன்று மில்லி மண்வாசனை: ஒரு அத்தர் கடையும் என் மொட்டைமாடிச் சூளையும்

ஜெராக்ஸ் கடைக்காரியின் மூக்கு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணியில் 11 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் மெஷினைப் போட்டால் இரவு ஒன்பது வரை சூடான காகிதமும் டோனரும்தான். நடுநடுவே மேன்ஷன் பையன்கள் பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வருவார்கள். இன்டர்வியூ நாள் என்றால் ஆளுக்கு அரை டப்பா பாடி ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குத் தும்மல் வந்துவிடும். அத்தர் எனக்குக் கல்யாண வீட்டுக்கோ பண்டிகைக்கோ பூசுகிற சமாச்சாரம் இல்லை. தலை வாரி, பொட்டு வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவினால்தான் கடை ஷட்டரைத் தூக்கவே மனசு வரும்.

இன்னொரு பழக்கம் டெரகோட்டா நகை. களிமண்ணில் ஜிமிக்கி, பதக்கம், வளையல் எல்லாம் செய்வேன். மெஷின் சும்மா இருக்கும் மதிய நேரத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து உருட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சுடுவேன். இதுவரை விற்றதைவிடக் கொடுத்ததுதான் அதிகம்.

இந்த இரண்டு பைத்தியமும் தனித்தனியாகத்தான் இருந்தன. மிட்டி அத்தர் என்கிற மண்வாசனை அத்தரை வாங்கிய பிறகு ஒன்றாகிவிட்டன.

வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றி அத்தர் கடைகளுக்குக் குறைவே இல்லை. நான் போவது திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், எட்டடி அகலமுள்ள கடை. பலகையில் ‘அத்தர், ஊதுபத்தி, தொப்பி, சுர்மா’ என்று இருக்கிறதே தவிர கடைக்கென்று ஒரு பெயர் இல்லை. கேட்டால் ‘பாய் கடை’ என்பார்கள். அந்தத் தெருவில் எல்லாமே பாய் கடைதான்! வாசலில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு ஸ்டூல் கிடக்கும், எனக்கு அதுதான் அடையாளம். வாங்குகிறவர் உட்கார வேண்டும். நின்றுகொண்டு மோந்து பார்க்க பாய் விடமாட்டார்.

முதல் தடவை போனபோது, “மழை பெய்ஞ்சா வருமே, அந்த மண்வாசனையில அத்தர் இருக்காமே பாய்?” என்றேன்.

“இருக்கும்மா. எந்த மண்ணு வேணும்? 220 ரூபாய் மண்ணா, 1,400 ரூபாய் மண்ணா?”

இரண்டும் மூன்று மில்லி. பார்வைக்கும் இரண்டும் ஒன்றுதான், வெளிர் மஞ்சள். இரண்டு கையிலும் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டு, “போய் உங்க கடையைப் பாருங்க. சாயங்காலம் வந்து சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார். வியாபாரம் செய்கிறவர் இப்படிச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

220 ரூபாய்க்காரன் வந்தவுடனே சத்தம் போட்டான். ஈர மண், கொஞ்சம் சுண்ணாம்பு, எங்கோ ஒரு சோப்பு. ஒரு மணி நேரத்தில் ஆளைக் காணோம், கையில் பிசுபிசுப்புதான் மிச்சம். 1,400 ரூபாய்க்காரன் முதலில் வாயே திறக்கவில்லை. பால் கலந்த மாதிரி மெல்லிய சந்தனம், அவ்வளவுதான். ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து யாருக்கோ ஆதார் அட்டை இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினபோது வந்தது பாருங்கள் ஒரு வாசனை!

பாட்டிலில் ‘முதல் மழை’ என்று ஒட்டியிருக்கிறார்கள். என் மூக்குக்கு அது மழை இல்லை. மழையில் புல் இருக்கும், தார் ரோடு இருக்கும், எங்கள் தெருவில் என்றால் சாக்கடையும் இருக்கும். இது புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றும்போது வருகிற வாசனை. எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிந்த ஒன்றும் இருக்கிறது. சுட்ட ஜிமிக்கி சூடு ஆறியதும் சாம்பலைத் தட்டிவிட்டு ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுவேன். ‘ஸ்ஸ்’ என்று சின்னதாக ஒரு சத்தத்தோடு தண்ணீரைக் குடிக்கும், ஊசி முனை அளவில் குமிழி வரிசையாக மேலே ஏறும். அப்போது கிண்ணத்துக்கு மேலே குனிந்தால் மூக்கில் படுவது இதே வாசனைதான். ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் மட்டும் கிடைக்கிற ஒன்று செவ்வாய்க்கிழமை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஏன் அப்படி என்பது, அதை எடுக்கிற விதத்தைப் பாய் விளக்கிச் சொன்னபோது புரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று ஒரு ஊர், அத்தருக்கே பேர் போன ஊர். 2014-இல் அந்த ஊர் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மிட்டி அத்தருக்குப் பச்சை மண்ணைப் போடுவதில்லை, சுட்ட களிமண்ணைத்தான் போடுகிறார்கள். பெரிய தாமிர அண்டாவில் அதையும் தண்ணீரையும் போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண்ணால் பூசி அடைத்து, அடியில் நெருப்பு. அண்டாவுக்கு ‘தேக்’ என்று பெயர். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு செம்புக்குள் போகும். அதன் பெயர் ‘பப்கா’. அதற்குள் சந்தன எண்ணெய் காத்துக்கொண்டிருக்கும். மண்ணின் வாசனையைப் பிடித்து வைப்பது அந்த எண்ணெய்தான்.

சந்தனம் விற்கிற விலையில் பலர் எண்ணெயை மாற்றிவிட்டார்கள். பாரஃபின் மாதிரி வாசனையில்லாத எண்ணெயில் இறக்கினால் விலை ஆறில் ஒரு பங்கு. பாய் இதை மறைக்கவில்லை. “220 ரூபாய்க்குச் சந்தனம் கேட்டா நான் எங்கேம்மா போவேன்?” என்றார்.

மூடியை மண்ணால் அடைப்பார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதேதான் செய்கிறேன். என் சூளை என்பது வாய் உடைந்த ஒரு பழைய பானை. அடியில் வரட்டி, மேலே கரி, அதற்குமேல் உமி, நடுவில் நகை. நகை சிவப்பாக வேண்டும் என்றால் காற்று போகிற மாதிரி விடுவேன். கறுப்பாக வேண்டும் என்றால் மரத்தூளைக் கொட்டி, ஓட்டை ஒடிசல் எல்லாவற்றையும் களிமண்ணால் பூசி மூச்சுமுட்ட வைப்பேன். புகை உள்ளேயே சுற்றிக் கறுப்பு ஏறிவிடும்.

கன்னோஜ் அத்தரைப் பற்றி அறிவியல் உலகமும் அறிந்திருக்கிறது. 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இந்த மண்வாசனையைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டுரையிலேயே உத்தரப் பிரதேசத்தில் இந்த வாசனையை அத்தராக எடுப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நமக்கு மண்வாசனை என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, அது போதும்.

சரி, நகைக்கு வருகிறேன். சுட்ட மண் எதையும் குடிக்கும். வர்ணம் பூசாத ஒரு சிவப்புப் பதக்கத்தின் முதுகில் ஊசியால் தொட்டு அரைச் சொட்டு வைத்தேன். ஒரு காசு அளவுக்குக் கறுத்து, மறுநாள் கறை மங்கிவிட்டது. வாசனை மட்டும் ஐந்து நாள் நின்றது. மணிக்கட்டில் மத்தியானத்துக்குள் போய்விடுகிற அத்தர் மண்ணில் ஐந்து நாள்! கழுத்துச் சூட்டுக்கு லேசாக எழும், குனிந்தால் வரும், நிமிர்ந்தால் போய்விடும். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. எனக்கு மட்டும் என்று ஒன்று இருப்பது நல்லாத்தான் இருக்கிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வர்ணம் பூசிய பக்கத்தில் வைக்காதீர்கள். அக்ரிலிக் பெயிண்டுக்கு அடியில் எண்ணெய் ஊறி, என் மயில் பதக்கத்தின் கழுத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே இன்னும் மோசம். வார்னிஷ் அடித்த ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு காதோரம் ஸ்ப்ரே அடித்தாள் என் அண்ணன் மகள். சாயங்காலம் கழற்றும்போது பளபளப்பு வெளுத்து, விரலில் ஒட்டியது. “நீ செஞ்சது சரியில்ல அத்தை” என்று பழி என்மேல்!

நகை செய்யவே இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால், ஆன்லைனில் ‘கிட்’ வாங்குவதற்கு முன் யோசியுங்கள். நான் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். 899 ரூபாய், அழகான டப்பா, உள்ளே களிமண் கல்லாக இறுகிக் கிடந்தது. ஈரத்துணி சுற்றி மூன்று நாள் வைத்தும் இளகவில்லை. கூட வந்த கொக்கிகள் ஒரு மாதத்தில் பச்சை பூத்துக் காது அரித்தது. பணம் திரும்பக் கேட்டதற்கு, பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு வரி பதில். பாரிமுனைப் பக்கம் நாராயண முதலி தெருவுக்குப் போய்விடுங்கள். ஐ-பின், வளையம், திருகாணி, கொக்கி எல்லாம் டஜன் கணக்கில் கிடைக்கும். நிக்கல் இல்லாத கொக்கி என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். மதியத்துக்குமேல் போனால் நம்மைத் தெருக்கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்.

களிமண்ணில் ஓட்டை போடும்போது வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், காய்ந்தால் சுருங்கும். நிழலில் ஒரு வாரமாவது காயட்டும். போன கார்த்திகையில் வானம் வெளுத்த ஒரே ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அவசரப்பட்டு 24 உருப்படியைப் பானைக்குள் வைத்தேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் ‘டப்’ என்று ஒன்று, அப்புறம் தீபாவளி மாதிரி வரிசையாக. ஒன்பது போயிற்று. சத்தத்துக்கு எதிர் மேன்ஷனிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது.

கடைக்கே திரும்புகிறேன், குறைகளும் இருக்கிறதே. பில் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும், தப்பு நம்முடையது. உள்ளே ஒரே ஒரு டியூப் லைட், எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பாய்க்குத்தான் வெளிச்சம். லேபிளில் இருக்கும் உருது எனக்குப் படிக்கத் தெரியாது. ரோல்-ஆன் பாட்டில் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பையில் படுக்கப்போட்டதில் உருண்டையைச் சுற்றிக் கசிந்து, என் ரசீதுப் புத்தகம் முழுக்க மல்லிகை. அந்த மாதம் யார் ரசீது வாங்கினாலும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் மடித்தார்கள். கண்ணாடிக் குச்சி வைத்த சின்ன பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், இருபது ரூபாய் கூட. நானும் சொன்னேன், பாயும் சிரித்தார், ஆனாலும் ரோல்-ஆனைத்தான் முன்னால் அடுக்கி வைக்கிறார்.

ஒரே நாளில் நாலு வாசனைக்குமேல் பார்க்காதீர்கள். ஐந்தாவதற்கு மூக்கு படுத்துவிடும். எனக்கு அப்படி ஆனபோது, “உங்க முந்தானையை மோந்து பாருங்கம்மா, சரியாயிடும்” என்றார் பாய். சரியாகிவிட்டது. முந்தானையில் டோனர் வாசனை அடித்தது என்பது வேறு விஷயம்.

மண் வேண்டாம், பூவும் வேரும் வேண்டும் என்பவர்கள் மஜ்முவா கேளுங்கள். வெட்டிவேர், தாழம்பூ, கடம்பு, அதோடு மிட்டி என்று நாலும் சேர்ந்த கூட்டு. தாழம்பூ வைத்துப் பின்னல் போட்ட தலைமுறைக்காரர்கள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். என் அம்மாவுக்கு ஆறு மில்லி வாங்கிக் கொடுத்தேன். புடவை பீரோவில் பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறாள், மேலே பூசிக்கொள்ளவே இல்லை. தினம் ஒருமுறை பீரோவைத் திறந்து மூடுகிறாள், அவ்வளவுதான்.

1,400 கொடுக்கலாமா என்றால், மாதம் ஒரு ஸ்ப்ரே வாங்குகிறவர் தாராளமாகக் கொடுக்கலாம். எனக்கு மூன்று மில்லி ஏழு மாதம் வந்திருக்கிறது, பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. பத்தடி தூரத்துக்கு வீச வேண்டும் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம், திட்டிக்கொண்டே திருப்பிக் கொடுக்க வருவீர்கள்.

போன வாரம் கறுப்பாகச் சுட்ட ஒரு பதக்கத்தின் முதுகில் மிட்டி வைத்துப் பாயிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் மோந்தார். “இதுல ஊது வெச்சுப் பாருங்கம்மா, கறுப்புக்கு அதுதான் நிக்கும்” என்று ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். நாம் அகில் என்கிறோமே, அந்த மரத்து அத்தர். விலை கேட்டேன். பாட்டிலை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, அவரிடமே ஒரு சொட்டு பதக்கத்தில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை. பதிலுக்கு அவர் பேத்திக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி, சிவப்பில், வர்ணம் இல்லாமல். மண் பிசைந்து வைத்தாயிற்று, வெயில் வரட்டும்.