கச்சேரிப் படங்களுக்கான இணையதளம்: கட்ட வரிசையா, ஒற்றை வரிசையா?

மார்கழிக் கச்சேரிகளில் எடுத்த படங்களுக்கென எளிய இணையதளம் அமைப்பவர், சிறு சதுரங்களாக அடுக்கும் கட்ட வரிசை, திரைக்கு ஒரு படம் என்னும் ஒற்றை வரிசை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கட்ட வரிசையில் தேடுவது எளிது. ஆனால் சதுரமாக வெட்டும்போது, வயலின் வில்லின் வீச்சையும் பாடகரின் முகத்தையும் மிருதங்கக் கலைஞரின் விரல்களையும் ஒருங்கே பிடித்த அகலப் படம் தன் உயிரையே இழந்துவிடுகிறது. ஒற்றை வரிசையில் அந்த இழப்பில்லை. கருநிறப் பின்னணி இருந்தால் மேடை வெளிச்சம் இன்னும் துலங்கும். பெரிய படங்கள் என்பதால் தளம் மெதுவாகும் என்று அஞ்ச வேண்டாம். அகலத்தை 2000 பிக்சலுக்குள் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) என்னும் பட வடிவில் சேமித்து, பார்வையாளர் கீழே நகர்த்தும்போது மட்டும் ஏற்றினால் கைப்பேசியிலும் தாமதம் குறையும். இருபது படங்களுக்குள் தேர்ந்து காட்டுபவருக்கு ஒற்றை வரிசையையே பரிந்துரைப்பேன்; நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர் கட்டத்தை நாடலாம், படங்களை வெட்டாமல்.