தானாவில் மீன் தானாக மாட்டாது: வள்ளமும் வொப்ளருமாகப் பத்தொன்பது கோடை

2002 கோடையில் முதல்தடவையாகத் தானா ஆற்றில் சால்மனுக்கு வள்ளம் ஏறினேன். 2020 ஆகஸ்ட்டில் கடைசியாக இறங்கினேன். இடையில் வாங்கியது, உடைத்தது, தொலைத்தது, இன்னமும் வைத்திருப்பது எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிவைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். கடைக்காரர் சொல்லும் கதை வேறு, பத்து வருடம் கழித்துச் சாமான் சொல்லும் கதை வேறு.

என்னைப் பற்றி இரண்டு வரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து ஆக்களில் நானும் ஒருவன். போட்ஸ்ஃபியூர்டில் பத்து வருடம் கொட் மீன் வெட்டினேன். பிறகு மனைவிக்குத் தானா புரூவில் வேலை கிடைத்தது. நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி வந்து ஆற்றோரம் குடியேறினோம். நோர்வேக்கும் பின்லாந்துக்கும் நீண்ட தூரம் எல்லையாக ஓடி வடக்கே கடலில் விழும் ஆறு இது. இங்குள்ள சாமி மக்கள் இதைத் தெஅட்னு என்பார்கள், பெரிய ஆறு என்று பொருள். (இனத்தின் பெயரே சாமி. ஊருக்குப் போன் எடுத்து "பக்கத்து வீட்டில் சாமி இருக்கிறார்" என்றால் அம்மா கையெடுத்துக் கும்பிட்டிருப்பா.)

அந்தப் பக்கத்து வீட்டுக் கிழவர்தான் எனக்கு எல்லாம் பழக்கியவர். ஊர்க் கடலில் சின்ன வயதில் மரக்கோல் தாங்கியவன், சவள் வலித்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. முதல் கோடை முழுக்க அவர் என் கையில் தூண்டில் தடியைத் தரவே இல்லை. துடுப்பு மட்டும். வள்ளத்தின் குறுக்குப் பலகையில் கோப்பிக் கோப்பையை நிரப்பி வைப்பார். தளும்பினால் ஒன்றும் சொல்லமாட்டார், கோப்பையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். கோப்பி தளும்பாமல் ஆற்றை ஒரு தரம் குறுக்கே கடக்க எனக்கு ஜூலை கடைசி ஆயிற்று.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இந்த மீன்பிடி புரியாது, வள்ளம் ஒரு இடத்திலும் போய்ச் சேருவதில்லை. வள்ளத்தின் முன்பக்கமான அணியம் ஆற்றின் மேல்பக்கம் பார்த்திருக்கும். வலிப்பவர் நீரோட்டத்தை எதிர்த்து வலிப்பார், ஆனால் ஓட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. அதனால் வள்ளம் வலம் இடமாகக் கோணல் கோடு போட்டபடி மெல்ல மெல்லக் கீழே நழுவும். பின்பக்கம் இரண்டு மூன்று தடிகள், முப்பது மீட்டர் நீளத்துக்குத் தூண்டில் நரம்பு, நுனியில் வொப்ளர் என்கிற மரத்தாலான பொய்மீன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொய்மீன் வள்ளத்துக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் இருப்பதால், கடலிலிருந்து மேலேறி வரும் சால்மன் முதலில் காண்பது அதைத்தான். வள்ளத்தின் நிழலும் துடுப்புச் சத்தமும் பிறகுதான் வரும். கரையில் நின்று வீசுபவருக்கு இந்த வசதி கிடையாது. வள்ளம் திரும்பும் இடத்தில் நரம்பு ஒரு கணம் தளரும், பொய்மீன் தாழும், மறுகணம் வேகமெடுத்துத் துள்ளும். எனக்கு விழுந்த கடிகளில் பாதிக்கு மேல் அந்தத் திருப்பத்தில் விழுந்தவை.

இனிச் சாமான்களுக்கு வருகிறேன்.

வள்ளம். என்னுடையது பைன் பலகையில் செய்து தார் பூசிய பழைய ஆற்று வள்ளம், ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒடுக்கமானது. கிழவர் இளவயதில் இதைப்போன்ற வள்ளங்களைக் கழியால் தாங்கித்தான் ஓட்டத்துக்கு எதிராக மேலே கொண்டுபோவாராம். அதைக் கேட்டபோது எங்கள் ஊரின் ஆழமில்லாத பரவைக்கடல் ஞாபகம் வந்தது. வெளியிணை மோட்டர் வந்தபிறகு அந்த வேலை ஒழிந்தது, மேலே போக மோட்டர், கீழே வரத் துடுப்பு. நடுவில் நான்கு கோடை ஃபைபர் வள்ளம் ஒன்றும் வைத்திருந்தேன். பராமரிப்பு இல்லை, பாரம் இல்லை, ஒழுக்கு இல்லை. ஆனால் காற்றடித்தால் இலைபோல இழுபடும், சின்னக் கல்லில் உரசினாலும் மேளம்போல அதிரும். மரவள்ளம் பாரத்தால் நீரில் அமர்ந்து ஓடும், திருப்பத்தில் வேகம் விட்டுப்போகாது. ஃபைபரை விற்றுவிட்டேன்.

துடுப்பு. இரும்புக் கவையில் மாட்டிய துடுப்பு வசதி என்று பலர் சொல்லக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் நாளே கிறீச் கிறீச் என்று தொடங்கியது. எண்ணெய் விட்டால் ஒருநாள் தாங்கும். கிழவரின் வள்ளத்தில் மரமுளையும் கயிற்று வளையமும்தான். கயிறு காய்ந்தால் முனகும், ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினால் அடங்கிவிடும். அதற்கு மாறிய பிறகு பதினைந்து வருடத்தில் நான் செலவழித்தது கயிற்றுக்கு மட்டும். இந்தப் பட்டியலில் மிக மலிவான சாமான் இதுதான், மீனுக்கு மிக உதவியதும் இதுதான் என்பேன்.

தடி. முதலில் வைத்திருந்தது கட்டையான ஃபைபர் கிளாஸ் தடி, துடைப்பக் கட்டை மாதிரி. வெட்கப்பட்டு 2006இல் மெல்லிய கார்பன் தடி இரண்டு வாங்கினேன். வீசுவதற்கு அருமை. ஆனால் வள்ளத்தில் தடியை யாரும் வீசுவதில்லை. அது நாள் முழுக்க விளிம்பில் சாய்ந்து கிடக்கும், கரையேறும் அவசரத்தில் மிதிபடும். கார்பனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால் போதும், பெரிய மீன் வரும் நாளில் அந்த இடத்தில் "டக்". எனக்கு அப்படி ஒன்று போனது, மீனோடு சேர்த்து. துடைப்பக் கட்டை இன்னமும் இருக்கிறது.

ரீல் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சுவீடனின் அபு நிறுவனத்து அம்பாஸடர் வகை ரீல்கள் ஐம்பதுகளிலிருந்து வருகின்றன. இந்த ஆற்றில் வள்ளத்துக்கு வள்ளம் அவற்றைக் காணலாம். என்னிடம் இருப்பது 7000 என்ற மாதிரி, பழையதாகக் கைமாறி வாங்கியது. உள்ளே பித்தளைப் பல்சக்கரம். வருடம் ஒருமுறை கழற்றி, துடைத்து, ஒரு பொட்டுக் கிரீஸ். அவ்வளவுதான் அது கேட்பது. இதற்கு ஒரு பொத்தான் உண்டு. தள்ளிவிட்டால், மீன் நரம்பை இழுக்கும்போது 'கிர்ர்ர்' என்று கத்தும். நள்ளிரவிலும் சூரியன் மறையாத ஜூனில், நுளம்பு வலைக்குள் தலையை விட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் வலிக்கும்போது அந்தச் சத்தம் வந்தால் முதுகுத்தண்டு நிமிரும். நடுவில் ஒரு புதிய மாதிரி ரீல் வாங்கினேன். பெயர் வேண்டாம். வழுவழுவென்று சுற்றியது, பார்க்கவும் வடிவு. மூன்றாவது வருடம் ஜூன் தொடக்கத்தில், ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டிய காலையில், பின்சுழலாமல் தடுக்கும் பெயரிங் வழுக்கிவிட்டது. கைப்பிடி மாறிச் சுற்றி என் பெருவிரலைப் பதம் பார்த்தது. மீன் போனது பெரிதில்லை, நகம் வளர இரண்டு மாதம் எடுத்தது.

நரம்பு, ஊரில் நாங்கள் தங்கூசி என்போம். 0.60 மில்லிமீட்டர் நைலோனில் தொடங்கினேன். பிறகு எல்லோரையும் போலப் பின்னல் நூலுக்கு மாறினேன். மெல்லியது, பலம், நுனியில் பொய்மீன் துடிப்பது தடி நுனிவரை தெரியும். துடிப்பு நின்றால் முள்ளில் பாசி என்று பொருள், உடனே இழுத்துத் துடைக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே மாறலாம் என்று நினைத்தேன். ஆனால் அது இழுபடாது. வலிக்கும் வேகம், ஓட்டத்தின் வேகம், மீன் திரும்பும் வேகம் மூன்றும் ஒன்றாக வரும்போது எங்கேயாவது ஒன்று கொடுக்க வேண்டும். தங்கூசி கொடுக்கும். பின்னல் கொடுக்காது, முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரே கோடையில் ஏழு மீன் அப்படிப் போனது. அடுத்த வருடம் உள்ளே பின்னல், முன்னால் இருபது மீட்டர் தங்கூசி என்று முடிச்சுப் போட்டேன். துடிப்பும் தெரிகிறது, கிழிவதும் குறைந்தது. 2012இலிருந்து மாற்றவில்லை.

வொப்ளர். பின்லாந்துக்காரர் லௌரி ராபாலா 1936இல் சீவத் தொடங்கிய மிதவை மீனின் பேரப்பிள்ளைகள்தான் இந்த ஆற்றில் ஓடுபவற்றில் பெரும்பங்கு. நில்ஸ் மாஸ்டர் என்ற இன்னொரு பின்லாந்து நிறுவனத்துடையவையும் உண்டு. ஆற்றோரத்துக் கிழவர்கள் தாங்களே மரத்தில் சீவியவையும் உண்டு. பனி உருகி ஆறு கலங்கிப் பெருகியிருக்கும் ஜூனில் ஒரு சாண் நீளப் பெரிய மீன். ஜூலையில் நீர் தெளிந்து வற்றினால் விரல் நீளம். ஆகஸ்ட்டில் வொப்ளரை விட்டு, இறகால் கட்டிய பொய் ஈயை இழுப்பேன். நிறம் பற்றி ஆற்றோரத்தில் சண்டையே நடக்கும். என் அனுபவத்தில் நிறம் நாலாம் பட்சம். முதல் பட்சம், பொய்மீன் நேராக ஓடுகிறதா என்பது. புதுப் பெட்டியில் வந்தது நேராக ஓடும் என்று நம்பாதீர்கள். வள்ளத்தோரம் நீரில் விட்டு இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், மூக்கிலுள்ள கம்பி வளையத்தைக் குறட்டால் இடப்பக்கம் ஒரு மயிரிழை வளைக்க வேண்டும். மயிரிழை என்றால் மயிரிழைதான். கிழவர் இதைப் பார்வையாலேயே செய்வார், எனக்கு மூன்று நான்கு தரம் பிடிக்கும். என்னுடைய 14 கிலோவை (அதுதான் என் ஆகப்பெரியது) பிடித்த வொப்ளரில் சாயம் முழுக்க உரிந்து மரம் தெரிந்தது, வயிற்றில் பல்லடையாளம், முதுகில் மகளின் சிவப்பு நகப்பூச்சு.

கடி விழுந்தால் தடியைத் தூக்கி வெட்டி இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று வலிப்பு அப்படியே வலிக்க வேண்டும், வள்ளமே முள்ளை ஏற்றும். மற்றவர் மீதி நரம்புகளைச் சுற்றி எடுக்க, கரையை நோக்கிப் போய், காலூன்றி நின்றுதான் மீனோடு மல்லுக்கட்டுவது. தொடக்கத்தில் கொக்கியால் குத்தி ஏற்றினோம். பிறகு பெரிய அத்தாங்கு வாங்கினேன், முட்டை சுமந்த பெட்டையை உயிரோடு திருப்பி விடுவதற்காக. கிழவர் மொழியில் பெரிய பெட்டைக்குத் துவொவ்வி, பெரிய ஆணுக்குக் கொஅஜின், ஒரு வருடம் மட்டும் கடலில் இருந்துவிட்டு வரும் சின்னதுக்குத் தித்தி. முட்டையிட்டு மெலிந்து இறங்குவதற்குத் தனிப்பெயர், வுவொர்ரு. எங்களுக்குச் சுறாவும் திருக்கையும் எத்தனை பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குச் சால்மன் அத்தனை பெயரில் இருக்கிறது.

அவருடைய வீட்டில் தூண்டில் இரண்டாம்பட்சம். புவொத்து என்று ஒரு வேலி போடுவார்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே மரமுக்காலிகளை நட்டு, பேர்ச் மரத்து மிலாறு சொருகி, அதன் நுனியில் வலை கட்டுவது. அதற்கு உரிமை நிலத்தோடு வருவது, என்னைப்போல் குடியேறியவனுக்கு இல்லை. தடிக்கான உள்ளூர்ச் சீட்டு மட்டும் எனக்கு. அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது.

மீன் குறைவது எங்களுக்கு முதலில் ரீலின் சத்தத்தில்தான் தெரிந்தது. ஒரு இரவில் மூன்று தரம் கத்தியது, மூன்று இரவுக்கு ஒருதரம் கத்தத் தொடங்கியது. 2017இல் இரு நாடுகளும் போட்ட புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து மீன்பிடியைக் கடுமையாக வெட்டியது. தங்களைச் சரியாகக் கேட்காமல் போட்டார்கள் என்று சாமி இளைஞர்கள் எல்லோஸ் தெஅட்னு என்ற பெயரில் ஆற்றின் ஒரு தீவில் கூடாரமடித்து, இந்தச் சட்டம் இங்கே செல்லாது என்று அறிவித்தார்கள். கிழவர் இரண்டு பக்கத்தையும் திட்டினார். 2021இல் முழு ஆற்றிலும் சால்மன் பிடிப்பதே நிறுத்தப்பட்டது. 1928இல் ஹென்ரிக் ஹென்ரிக்சன் என்பவர் ஏறத்தாழ 36 கிலோ சால்மனைத் தூண்டிலில் பிடித்து உலக சாதனை படைத்த ஆறு இது.

அதே 2021இல் ஆறு நிறையக் கூன் முதுகு மீன். புக்கல்லாக்ஸ் என்பார்கள் இங்கே. பசிபிக் கடலுக்குரியது, ரஷ்யர்கள் வெண்கடல் ஆறுகளில் விட்டது பரவி வந்தது. இரண்டு வருட ஆயுள் என்பதால் ஒற்றைப்படை வருடங்களில் படையெடுக்கும். முட்டையிட்டவுடன் செத்துவிடும், ஆகஸ்ட் கடைசியில் கரையில் நடந்தால் போட்ஸ்ஃபியூர்ட் தொழிற்சாலையின் கழிவுத்தொட்டி வாசம். நமக்குரிய மீனைத் தொடக்கூடாது, வேண்டாத மீன் காலடியில் கிடக்கிறது. கிழவர் அதைப் பார்த்தார், ஆனால் 2023 வருகையைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

வேறு ஆறுகளில் வள்ளத்தில் பிடிக்கப் போகிறவர்கள் கேட்டால் இவ்வளவு சொல்வேன். ரீலைப் பழையதாக வாங்குங்கள், முள்ளைப் புதிதாக வாங்குங்கள். தடியில் காசைக் கொட்டாதீர்கள். முதல் கோடை துடுப்போடு போகட்டும். குளிர்காலத்துக்கு வொப்ளர்களைப் பெட்டியில் வைக்கும்போது முள்களைக் கழற்றிவிட்டு வையுங்கள், துரு மரத்தில் ஊறினால் சாயம் நிற்காது.

என்னுடையவை எல்லாம் கழற்றியபடியே இருக்கின்றன. வள்ளத்துக்கு மட்டும் வருடா வருடம் மே கடைசியில் தார் பூசுகிறேன். பூசாவிட்டால் பலகை வாய் பிளந்துவிடும்.