குழித்தட்டா, வட்டத்தட்டா? கீழக்கரை வீட்டில் ஆறு மாதம் சாப்பிட்டுப் பார்த்த கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு ஏழு பேர். மாமாவுக்குச் சுகர். சின்னவனுக்குக் குழம்பு சோற்றில் படலாம், பொரியலில் படக்கூடாது. பட்டால் தட்டையே தள்ளிவிடுவான். இந்த இரண்டு பேருக்காகத்தான் குழி போட்ட தட்டு தேடிக் கிளம்பினேன். மாமி முதல் நாளே சொல்லிவிட்டார்: "என்னம்மா இது, ஆஸ்பத்திரியில குடுக்கிற தட்டு மாதிரி!"

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் கல்யாணம், விருந்து என்றால் சஹன்தான். பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறியை வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை நனைத்து வளர்ந்தவர். ஒருத்தர் சாப்பிடும் தட்டுக்குள்ளேயே நாலு வரப்பு கட்டினால் அவருக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்.

எவர்சில்வர், மெலமைன், பிளாஸ்டிக் என்று மூன்று வகையிலும் வாங்கிப் பார்த்தேன். எவர்சில்வரில் வருவதைக் கடையில் பாவ்பாஜி தட்டு என்று கேட்டால் உடனே எடுத்துப் போடுவார்கள். கீழக்கரையில் எத்தனை வீட்டில் பாவ்பாஜி தின்கிறார்கள் என்று தெரியவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எந்த வகையானாலும் முதலில் பார்க்க வேண்டியது வரப்பின் உயரம். கடையில் தட்டைக் காலியாகத்தான் பார்க்கிறோம், அதனால் இது கண்ணில் படாது. ஒன்றரை சென்டிமீட்டர் வரப்பு சப்பாத்திக்கும் குருமாவுக்கும் சரி. நம் மீன்குழம்பு தண்ணியாகத்தான் இருக்கும். சோற்றில் ஊற்றியதும் வரப்பேறி அடுத்த குழிக்குப் போய்விடும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். இன்னொன்று, பெரிய குழிக்குள் நாலு விரலும் மடங்கித் திரும்ப இடம் இருக்கிறதா என்று கையை விட்டே பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பிசைய முடியாத தட்டில் சோறு தின்பது போன்ற எரிச்சல் வேறில்லை.

சின்னக் குழியின் அருமை மீன் வந்த அன்றுதான் தெரிந்தது. சூடையும் முரலும் சமைத்தால் முள் எங்கே வைப்பது? வட்டத்தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்த முள், இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது மிதந்து சோற்றுக்குள் வந்துவிடும். குழித்தட்டில் ஊறுகாய்க் குழியை முள்ளுக்கென்றே விட்டோம். சின்னவன் இப்போது தானாக முள் எடுத்துத் தின்கிறான். இந்த ஒரு காரணத்துக்கே நான் குழித்தட்டுப் பக்கம் சாய்ந்தேன்.

இனி எவர்சில்வர். முதலில் வாங்கிய மூன்று தட்டுகளில் மூன்றே மாதத்தில் பழுப்புப் புள்ளி. வாங்கும்போது கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டலை, நல்ல எவர்சில்வர்" என்றார். நானும் நம்பினேன். காந்தம் காட்டிக்கொடுப்பது 430 என்ற ரகத்தை மட்டும்தான். அதில் நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, காந்தம் பட்டென்று ஒட்டும். 304, 202 இரண்டிலும் ஒட்டாது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. 202-இல் நிக்கல் 4 முதல் 6தான். மிச்சத்தை மாங்கனீசு போட்டுச் சரிக்கட்டியிருப்பார்கள். விலை குறைவது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கை: நல்ல 304 தகடும் அச்சில் அழுத்திக் குழி எடுக்கும்போது மூலைகளில் லேசாகக் காந்தம் பிடிக்கும். காந்தத்தை நம்பினால் நல்ல தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம்.

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் 202 வருஷக்கணக்கில் உழைக்கலாம். இங்கே குடிக்கத்தான் காவிரித் தண்ணீர். பாத்திரம் கழுவுவது போர் தண்ணீரில், வாயில் வைத்தால் கரிக்கும். எவர்சில்வரைப் பாதுகாப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். வட்டத்தட்டைச் சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். குழித்தட்டில் மூலைக்கு மூலை ஒரு சொட்டு தங்கி, காய்ந்து, வெள்ளைத் திட்டாகி, அதன் அடியில்தான் புள்ளி ஆரம்பிக்கிறது. கம்பி நாரால் தேய்த்தால் இன்னும் மோசம். அந்த இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

அடுத்து 304 என்று அடியில் பொறித்ததாக வாங்கினேன். கழுவியதும் துணியால் துடைத்துவிடுகிறோம். இதுவரை புள்ளி இல்லை. எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை வெளியிட்டது. தர எண் ஐ.எஸ். 14756. அந்த முத்திரையையும் தேடுங்கள்.

மெலமைன் பார்க்கத்தான் அழகு. பீங்கான் போலப் பளபளப்பு, பூப் போட்டது, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது, உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வீட்டில் எல்லாருக்கும் பிடித்ததும் அதுதான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மெலமைன் என்பது ஃபார்மால்டிஹைடு சேர்த்துச் செய்த பிசின். புளிப்பும் சூடும் சேரும்போது அதிலிருந்து ரசாயனம் உணவில் கசியலாம் என்பதால், சுமார் 70 டிகிரிக்கு மேல் சூடான புளிப்புப் பண்டத்தை அதில் வைக்க வேண்டாம் என்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கி நேராகத் தட்டில் ஊற்றும் புளி மீன்குழம்பு வேறென்ன? மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. அந்தத் தட்டுகளில் இப்போது மிக்சரும் பிஸ்கட்டும் போகின்றன.

பிளாஸ்டிக்கில் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். சூடு தாங்கும், எடை இல்லை. மஞ்சள் கறை போகாது. சின்னவனுக்கு ஒன்று போதும்.

மாமாவின் தட்டில்தான் ஒரு சின்ன வேலை செய்தேன். சர்க்கரைக்காரருக்குத் தட்டில் பாதி காய், கால்பங்கு மீனோ முட்டையோ, கால்பங்கு சோறு என்பது கணக்கு. நம் குழித்தட்டிலோ பெரிய குழி சோற்றுக்கு என்றே செய்தது. அதில் முருங்கைக்கீரையும் அவரைக்காயும் வைத்து, பக்கத்துக் குழியில் சோறு வைத்தேன். முதல் வாரம் "சோத்தைக் கண்ணுல காட்டுனா போதும்னு நினைக்கிறியா?" என்றார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாம் முறை சோறு கேட்கும்போது மட்டும் மாமியிடம் கேட்கிறார்.

கடைசிக் கணக்கு: 304 குழித்தட்டு மூன்று, பிளாஸ்டிக் ஒன்று, மற்றவர்களுக்குப் பழைய வட்டத்தட்டு. வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சஹனை நான் மாற்றவே இல்லை. ஆனால் நோன்பு வந்தால் ஏழு பேருக்கும் குழித்தட்டு வேண்டும் என்று கேட்டிருப்பது மாமி. பேரீச்சம்பழம், எண்ணெயில் பொரித்த இறால் வாடா, தர்பூசணி எல்லாம் தனித்தனியாக இருந்தால் வாடா நமத்துப் போகாதாம். கஞ்சிக் கோப்பை ஆடாமல் நிற்க ஒரு வட்டக் குழியும் வேண்டுமாம். நான் வாங்கியதில் அது இல்லை. அடுத்த தடவை கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு அவரே கடைக்கு வருகிறாராம்.